ஒட்டகத் தடத்தில் ஒரு பெயர்

அன்றைக்கு மணல் பாடவில்லை.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த ஒன்பது வருடத்தில், குளம் பார்க்க வரும் வெளியூர்க்காரர்களை ஒட்டகத்தில் ஏற்றிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ஃபெங் அந்த மணற்குன்றில் எத்தனை ஆயிரம் தடவை ஏறி இறங்கினாளோ, அவளுக்கே கணக்குத் தெரியாது. காலை வைத்தால் அடியில் எங்கோ பெரிய வண்டு ஒன்று முனகுகிற மாதிரி ஒரு சத்தம் எழும். பலகை போட்டுச் சறுக்கினால் அதுவே மேளமாகிவிடும். வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். இவளுக்கு அது கோழி கூவுகிற மாதிரி, காதில் விழுவதே தெரியாது. இல்லாமல் போனபோதுதான் தெரிந்தது. முழங்கால் வரை புதைந்து புதைந்து ஏறினாள். மாவுப் பானைக்குள் காலை விட்டது போல ஒரு சத்தமும் இல்லை. காற்றும் நின்றிருந்தது. கீழே பிறைக்குளத்தில் ஒரு நாணல்கூட அசையவில்லை. வெயிலில் சூடேறிய மணலின் உலர்ந்த வாசனை மட்டும் மூக்கில் ஏறியது.

"என்ன அண்ணி, நின்னுட்டீங்க?" என்று பின்னால் மூச்சிரைத்தபடி கேட்டாள் யின்ஹுவா.

"மணல் சும்மா கிடக்கு."

"டூரிஸ்ட் வரலைன்னா அதுக்கும் லீவுதான் போல. நம்ம ஒட்டகம் மாதிரி." யின்ஹுவா ஒரு பூசணி விதையைப் பல்லில் வைத்து 'டக்'கென்று உடைத்துத் தோலைத் துப்பினாள். பத்தொன்பது வயது. புருஷனின் தங்கை. அவளுக்குக் காலும் நிற்காது, வாயும் நிற்காது. மற்ற நாளாக இருந்தால் சாய்ஃபெங் ஒரு அதட்டுப் போட்டிருப்பாள். இன்றைக்கு அந்த 'டக்' சத்தம் அவளுக்கு வேண்டியிருந்தது. உலகம் வழக்கம்போல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டியிருந்தது.

ஐந்து நாளைக்கு முன்னால் இந்தச் சரிவில்தான் அவள் பெண் லான்வா புதைந்தாள். ஆறு வயது. வந்தவர்களின் பிள்ளைகளோடு சேர்ந்து பலகையில் சறுக்கினாள். மேலிருந்த மணல் மொத்தமும் மேளம் கொட்டிக்கொண்டு இறங்கி அவளை மூடிவிட்டது. நூறு எண்ணுவதற்குள் தோண்டி எடுத்துவிட்டார்கள். உடம்பில் ஒரு கீறல் கிடையாது. ஆனால் பிள்ளை அழவில்லை. அன்றையிலிருந்து பேச்சும் இல்லை. பாதி திறந்த கண்ணால், தாய்க்குப் பின்னால் நிற்கும் யாரையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் குளுகோஸ் ஏற்றி, உடம்பில் குறையொன்றும் இல்லை, அதிர்ச்சிதான், தானே தெளியும் என்று சொல்லி அனுப்பினார்கள். நேற்றுக் காலையிலிருந்து ஒரு கரண்டி தண்ணீர்கூட உள்ளே இறங்கவில்லை. ஊற்றியதெல்லாம் கடைவாய் வழியாகத் தலையணைக்குப் போயிற்று. உதடு பாளம் பாளமாக வெடித்திருந்தது. மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நாளைக் காலையில் டிராக்டர் வரும். அதுவரை தாங்குமா என்று யாரும் வாயால் கேட்கவில்லை. வந்து பார்த்துவிட்டுப் போனவர்களின் முகமே கேட்டது.

பயந்த பிள்ளையின் உயிர் பயந்த இடத்திலேயே நின்றுவிடும். பெற்றவள் போய்ப் பெயர் சொல்லிக் கூட்டி வர வேண்டும். அந்த ஊரில் இது ஜுரத்துக்கு இஞ்சித் தண்ணீர் போடுவது போல எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. பிள்ளை போட்டுக் கழற்றிய துவைக்காத சட்டையில், விழுந்த இடத்து மணலை ஒரு கை அள்ளி முடிந்துகொள்ள வேண்டும். வழி நெடுகத் தாய் கூப்பிடுவாள், பின்னால் வரும் சொந்தக்காரி பிள்ளைக்குப் பதிலாக 'வந்துட்டேன்' என்பாள். வீட்டு வாசலைத் தாண்டும்வரை தாய் நிற்கக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. வாசலில் நிற்கிறவர் பிள்ளை வந்தாச்சா என்று கேட்க, அதற்கும் அந்தச் சொந்தக்காரியே பதில் சொல்ல வேண்டும். வீட்டில் விளக்கு எரியும் முன் உள்ளே வந்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

அவள் புருஷன் தேகுயி பேப்பர் படிக்கிறவன். இதையெல்லாம் கேட்டால் மூக்கால் சிரிப்பான். இன்று மத்தியானம் அவனே அழுக்குத் துணிக் கூடையைக் கிளறி, கழுத்தோரம் சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டியிருந்த அந்த மஞ்சள் சட்டையை எடுத்து, பெண்டாட்டி முகத்தைப் பார்க்காமல் நீட்டினான். "நான் வாசல்ல நிக்கிறேன். கேட்க வேண்டியதை நானே கேட்கிறேன்" என்றான். அதைப் பார்த்தபோதுதான் சாய்ஃபெங்குக்கு முதல்முறையாக அழுகை வந்தது.

அடையாளத்துக்கு நட்டிருந்த குச்சிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு மணலை அள்ளினாள். சட்டைக் கைகளைச் சேர்த்து முடிச்சுப் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு, ஊர்ப் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"லான்வா, வீட்டுக்கு வா."

"வந்துட்டேன்" என்றாள் யின்ஹுவா. எப்போதும் விளையாட்டாகப் பேசும் அந்தக் குரல் நடுங்கியது.

"லான்வா, அப்பா வாசல்ல நிக்கிறாரு. வா கண்ணு."

"வந்துட்டேன்."

மூன்றாவது முறை கூப்பிட்டபோது முடிச்சு கனத்தது. சத்தியமாகக் கனத்தது. தூங்குகிற பிள்ளை தோளில் தலையைச் சாய்க்கும்போது ஒரு கனம் கூடுமே, அது. சாய்ஃபெங்கின் நெஞ்சு விம்மிற்று. "வந்துட்டா யின்ஹுவா. என் பொண்ணு ஏறிட்டா" என்று திரும்பாமலே சொன்னாள்.

"நிஜமாவா அண்ணி? அப்ப நடங்க சீக்கிரம். எங்கண்ணன் வாசல்ல நின்னு நின்னு அந்த நிலைப்படியையே தேய்ச்சிடுவான்."

குன்றிலிருந்து இறங்கிக் குளத்தங்கரை நாணலோரம் நடந்தார்கள். அந்த வழி குளத்தைச் சுற்றி, பம்ப்செட்டைத் தாண்டி, வாதுமைத் தோட்டங்களுக்கு நடுவே ஊருக்குப் போகும். ஒரு மணி நேர நடை. பொழுது இறங்க இரண்டு மணி நேரம் இருந்தது. பத்து அடிக்கு ஒரு தடவை கூப்பிட்டாள். பத்து அடிக்கு ஒரு தடவை பதில் வந்தது. நடுநடுவே 'டக்'.

குளத்தின் வளைவு பாதி தாண்டியபோது வெயில் நிறம் மாறியது. தண்ணீரின் மேல் ஒரு பழுப்பு படர்ந்தது. மேற்கே வானத்தின் அடிவிளிம்பில் ஒரு சுவர் எழும்பி நின்றது. கருங்காற்று. மணலைத் திரட்டிக்கொண்டு பட்டப்பகலை இருட்டாக்கும் அந்தக் காற்று வந்தால் ஒட்டகமே மூக்கை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடும். "அண்ணி!" என்ற யின்ஹுவாவின் கத்தல் காதில் விழுந்தது, அதற்குள் காற்று அவர்கள் மேல் விழுந்துவிட்டது. சாய்ஃபெங் முடிச்சைத் தன் சட்டைக்குள் திணித்து, அதன்மேல் குனிந்து, நிற்கக் கூடாதே என்று தவழ்ந்து தவழ்ந்து நகர்ந்தாள். வாயெல்லாம் மணல். கண்ணுக்குள் மணல். பக்கத்தில் நாணல்கள் கிழிகிற சத்தம். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு இரைச்சல் கொஞ்சம் தணிந்தது. வெளிச்சம் மட்டும் திரும்பி வரவில்லை; பகல், கலங்கின தேநீர் மாதிரி ஆகிவிட்டிருந்தது.

"யின்ஹுவா? இருக்கியா?"

பதில் இல்லை. மறுபடி கேட்டாள். திரும்பிப் பார்க்கக் கழுத்து தானாகப் போயிற்று. பல்லைக் கடித்து நிறுத்திக்கொண்டாள்.

"இருக்கேன் அண்ணி."

நினைத்ததைவிடப் பக்கத்தில், காதுக்குப் பின்னாலேயே கேட்டது. போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு.

"பதில் சொல்றதுக்கு என்ன?"

"வாயில மண்ணு."

மறுபடி நடந்தார்கள். பாதை மணலில் மூடிக் கிடந்தது. இந்த வெளிச்சத்தில் குளத்தைச் சுற்றிப் போனால் வீடு சேர்வதற்குள் இருட்டிவிடும். வீட்டில் விளக்கில்லாமல் உட்காரச் சொல்லியாகிவிட்டது. ஆனால் இருட்டில் பிள்ளைக்கு ஏதாவது ஆனால், தேகுயி என்ன செய்வான், விளக்கைப் போடத்தானே செய்வான்?

"ஒட்டகத் தடத்துல போயிடலாம் அண்ணி. பாதி நேரம்தான்."

சாய்ஃபெங் திடுக்கிட்டாள். இரண்டு குன்றுகளுக்கு நடுவே நேராக ஊரின் பின்பக்கம் போய் முட்டும் பள்ளம் அது. பட்டும் தேயிலையும் ஏற்றிக்கொண்டு ஆயிரம் வருடமாக ஒட்டகங்கள் போன தடம். போனவற்றில் பாதி வந்து சேரவில்லை. தண்ணீர் இல்லாமல் விழுந்தவர்களை விழுந்த இடத்திலேயே மணல் மூடிக்கொண்டது. அவர்களைப் பெயர் சொல்லிக் கூட்டிப்போக ஒரு தாய் வரவில்லை. அதனால் அந்தத் தடத்தில் ஒட்டகக்காரர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'ஏய்' என்பார்கள், கனைப்பார்கள், சீட்டியடிப்பார்கள். கூப்பிட ஆளில்லாமல் கிடக்கிறவனுக்கு எந்தப் பெயரும் தன் பெயர்தான். இதைச் சாய்ஃபெங்குக்குச் சொன்னவளே யின்ஹுவாதான், அவள் கல்யாணமாகி வந்த புதிதில். தொலைந்த ஆட்டைத் தேடக்கூட அந்தப் பக்கம் கால் வைக்காத பெண் இவள்.

"உனக்குப் பயமா இல்லையா?"

"பொழுது போகுது அண்ணி. பிள்ளைக்குத் தொண்டை காயுது."

அந்த வார்த்தை போதுமாயிருந்தது. பிள்ளையின் வெடித்த உதடு கண் முன்னால் வந்தது. சாய்ஃபெங் பாதையை விட்டு இறங்கினாள். "உள்ள போனதும் நான் கூப்பிட மாட்டேன். அந்தப் பக்கம் ஊரோர மரவரிசை வந்ததும்தான் கூப்பிடுவேன். நீ பின்னால வர்றேன்னு எனக்குத் தெரியணும். இருமிக்கிட்டே வா."

"சரி."

பள்ளத்துக்குள் காற்று இல்லை. இரு பக்கமும் குன்றுகள் எழும்பி, வானத்தை ஒரு பழுப்புப் பட்டையாகக் குறுக்கி வைத்திருந்தன. பழைய மூட்டையைப் பிரித்தது போல ஒரு வாசனை வந்தது, ஒட்டக மயிரும் காய்ந்த தோலும் கலந்த வாசனை. அவள் வளர்த்த ஒட்டகங்களின் வாசனை அல்ல, மிகவும் பழையது. தன் மூச்சையே கேட்டபடி நடந்தாள். பின்னால் ஒரு இருமல். பத்து அடி. ஒரு இருமல். அடியில் ஈரமே இல்லாத, உமியை உரசுகிற மாதிரி ஒரு இருமல். மண்ணை விழுங்கிவிட்டாள் பாவம், போனதும் தேன் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அப்புறம்தான் இன்னொன்றும் மனதில் பட்டது. குளத்தங்கரையை விட்டதிலிருந்து அந்த 'டக்' சத்தம் இல்லை. விதை தீர்ந்திருக்கும்.

மணல் பாட ஆரம்பித்தது.

முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. தெரிந்த சத்தம். காலை வைத்தாள், முனகியது. எடுத்தாள், நின்றது. கொஞ்ச தூரம் போனதும் அவள் காலை எடுத்த பிறகும் முனகியது. அவள் அடிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பின்னால், இரண்டு ஆள் நடக்கிற அளவுக்கு அதிகமாகக் கேட்டது. மெத்து மெத்தென்று, அகலமான பாதங்கள் போல. காற்று மணலைப் புரட்டிவிட்டது, சரிவு இறங்குகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இருமல் கேட்டது. பத்து அடி முடியும் முன்பே இன்னொரு இருமல்.

முடிச்சு லேசாகிக்கொண்டு வந்தது.

இல்லை, மனப்பிராந்தி. கையை மாற்றிப் பிடித்தாள். மார்போடு அழுத்தினாள். தோளில் சாய்ந்திருந்த அந்தக் கனம், பிள்ளை தலையைத் தூக்கிக்கொண்ட மாதிரி, மெல்லப் போய்க்கொண்டிருந்தது. துணி ஓட்டை வழியே மணல் கொட்டுகிறதா? தடவிப் பார்த்தாள். ஓட்டை இல்லை. கூப்பிடாமல் நடக்கிறோமே, பிள்ளைக்கு வழி எப்படித் தெரியும்? இந்தப் புழுதியில் அம்மாவின் குரல் இல்லாமல் ஆறு வயசுப் பிள்ளை எதைப் பிடித்துக்கொண்டு வரும்?

"லேசாயிடுச்சா அண்ணி?" என்றாள் பின்னால் இருந்தவள்.

சாய்ஃபெங் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

கேள் இவளிடம், நீ யார் என்று கேள் என்றது மனம். அதே நேரம் கையில் இருந்தது வெறும் துணியாகிக்கொண்டிருந்தது. எதைக் கேட்பாள்? எதற்கு நேரம் இருக்கிறது? மரவரிசை இன்னும் கண்ணில் படவில்லை. ஒரு பக்கம் தெரிந்த ஆபத்து, மறு பக்கம் பெற்ற பிள்ளை. நூறு தடவை பிறந்து வந்து அதே இடத்தில் நின்றாலும் அவள் அதைத்தான் செய்திருப்பாள்.

"லான்வா" என்று கூப்பிட்டாள். "லான்வா, வீட்டுக்கு வா."

மணல் நின்றது. எல்லாச் சத்தமும் நின்றது.

"வந்துட்டேன்" என்றது யின்ஹுவாவின் குரல்.

முடிச்சு கனத்தது. அப்பாடா என்று அவள் மூச்சுவிட்டு முடிக்கவில்லை.

"வந்துட்டேன்."

இது இடப்பக்கச் சரிவிலிருந்து. ஆண் குரல். வயதானது.

"வந்துட்டேன்." வலப்பக்கம். "வந்துட்டேன்." மேலே, குன்றின் முகட்டில். "வந்துட்டேன்." காலடியில்.

சாய்ஃபெங் ஓடினாள். ஓட முடியாத மணலில் ஓடினாள். முடிச்சு ஒவ்வொரு அடிக்கும் கனத்தது. பிள்ளையின் கனத்தைத் தாண்டிவிட்டது. ஒரு மூட்டையின் கனம். கை இற்றுவிடும் போலிருந்தது. கீழே போட முடியுமா? அதற்குள் அவள் பெண்ணும் இருக்கிறாள். இருப்பாள். இருக்க வேண்டும். பின்னால் மெத்து மெத்தென்ற பாதங்கள். வறண்ட இருமல்கள். தோல் பைகள் உரசும் சத்தம், காலிப் பைகள். யாரும் அவளைத் தொடவில்லை. யாரும் முந்தவில்லை. வரிசையாக, பொறுமையாக, பின்னால் வந்தார்கள்.

அப்போது, எல்லாவற்றுக்கும் பின்னால், வெகு தூரத்தில்—

"அம்மா. நில்லும்மா."

சின்னக் குரல்.

"கால் புதையுதும்மா. மெதுவா போம்மா."

சாய்ஃபெங்கின் ஈரக்குலை அறுந்தது. நிற்கக் கூடாது. திரும்பக் கூடாது. இது அவர்கள் செய்வது. தாயைத் திரும்ப வைக்கத்தான் இப்படிச் செய்வார்கள். பிள்ளை கையில் இருக்கிறாள். கனக்கிறாளே. கையில்தான் இருக்கிறாள்.

"அம்மா—"

ஓடினாள். அழுதுகொண்டே ஓடினாள். குரல் தேய்ந்தது. மரவரிசை வந்தது. பின்சுவர். சந்து. கோழிக்கூடு. வீடு.

வாசலில் தேகுயி நின்றிருந்தான். விளக்குப் போடவில்லை. புழுதியின் கடைசி வெளிச்சத்தில் அவன் முகம் சாம்பல் பூத்திருந்தது. அவளைப் பார்த்ததும் உதடு கோணியது. அவள் தோளுக்கு மேலாக, பின்னால் பார்த்தான்.

"என்னங்க," அவளுக்கு மூச்சு வரவில்லை. "என் பின்னால யாரு?"

"யாரும் இல்லையே. யாரு இருக்கணும்?"

"யின்ஹுவா."

"அவ வந்து அரை மணி நேரம் ஆச்சு. கருங்காற்றுல உன்னை விட்டுட்டேன்னு, குளத்தைச் சுத்தி அழுதுக்கிட்டே ஓடி வந்தா. உன்னைத் தேடிப் போகலாம்னா, பிள்ளைக்கு மூச்சு…" அவன் உள்ளே கை காட்டினான். "மூச்சு விட்டு விட்டு வருது. சீக்கிரம் வா, சாய்ஃபெங்."

அவனுக்குப் பின்னால், வாசற்படிக்கு உள்ளே, யின்ஹுவா நின்றிருந்தாள். கண் வீங்கியிருந்தது. புழுதி படிந்த கன்னத்தில் கண்ணீர் கோடு போட்டிருந்தது. "அண்ணி, மன்னிச்சுக்கங்க அண்ணி, நான் கத்தினேன், உங்களுக்குக் கேட்கலையா?" என்றாள்.

சாய்ஃபெங் வாசற்படிக்கு ஒரு அடி முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். முடிச்சு கையில் கல்லாகக் கனத்தது. உள்ளே, அடியில் தணல் போட்டுப் படுக்கும் சூட்டுமேடையில் லான்வாவின் மூச்சு கேட்டது. இழுத்தது. நின்றது. நெடு நேரம் கழித்து மறுபடி இழுத்தது. இதை உள்ளே கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோகாவிட்டால் இன்னும் பத்து மூச்சுத்தான். இருபதுகூட இருக்காது.

தேகுயி நிலையைப் பிடித்துக்கொண்டு, கேட்க வேண்டியதைக் கேட்டான்.

"லான்வா வந்துட்டாளா?"

யின்ஹுவா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். சத்தம் வருவதற்குள், சாய்ஃபெங்கின் முதுகுக்குப் பின்னாலிருந்து, யின்ஹுவாவின் குரலிலேயே பதில் வந்தது.

"வந்துட்டேன்."

யின்ஹுவா திறந்த வாயை மூடவில்லை. அப்படியே பின்னால் நகர்ந்து போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டாள். தேகுயிக்கு ஒன்றும் புரியவில்லை. தங்கைதான் சொன்னாள் என்று நினைத்தான். உள்ளே மூச்சு நின்றது. இந்தத் தடவை திரும்ப வரவில்லை.

சாய்ஃபெங் படியைத் தாண்டினாள்.

தாண்டி, ஓடி, மேடையில் ஏறி, முடிச்சைப் பிரித்து, மணலோடு அந்த மஞ்சள் சட்டையைப் பிள்ளையின் நெஞ்சில் போர்த்தினாள். ஒரு கை மணல்தான் அள்ளியிருந்தாள். பாயெல்லாம் மணல் கொட்டியது. தேகுயி கதவைச் சாத்தித் தாழ் போட்டு விளக்கைப் போட்டான்.

லான்வா கண்ணைத் திறந்தாள். முழுதாகத் திறந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"தண்ணி" என்றாள்.

தேகுயி 'ஓ'வென்று அழுதுவிட்டான். கிண்ணத்தில் மொண்டு கொடுத்தான். குடித்தாள். இன்னொன்று. குடித்தாள். "குடி கண்ணு, குடி" என்று சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் கிண்ணத்தைப் போட்டுவிட்டுச் செம்பிலேயே கொடுத்தான். குடித்தாள். விழுங்கும் சத்தம் இல்லை. தொண்டை அசையவில்லை. மணலில் ஊற்றினால் எப்படிப் போகுமோ அப்படிப் போயிற்று. சாய்ஃபெங் ஒரு கையால் பிள்ளையின் முதுகைத் தாங்கியிருந்தாள். வயிறு உப்பவில்லை. உதட்டு வெடிப்புகூட நனையவில்லை. அரைப் பானை போயிற்று. முக்கால் பானை. தேகுயியின் சிரிப்பு நின்றது. செம்பு பானையின் அடியைச் சுரண்டியது.

"இன்னும்" என்றாள் லான்வா.

அவன் காலி வாளியை எடுத்தான். பம்புக்குப் போகக் கதவின் தாழில் கை வைத்தான்.

கதவு தட்டப்பட்டது.

கீழே. அவன் இடுப்பு உயரத்தில்.

"அம்மா." மூச்சிரைத்தது. தொண்டை கட்டியிருந்தது. "நான் வந்துட்டேம்மா. நில்லுன்னு சொன்னேனே. கதவைத் திறம்மா."

தேகுயி பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தான். அவன் கை தாழிலேயே இருந்தது.

"திறக்காதீங்க" என்றாள் சாய்ஃபெங்கின் மடியில் இருந்தவள். ஆறு வயசுக் குரல்தான். அதற்கு அடியில், உலர்ந்து உலர்ந்து, வேறு குரல்களும் அதே சொல்லைச் சொல்லின. "தண்ணி எங்களுக்கே பத்தாது."

சாய்ஃபெங்கால் கையை எடுக்க முடியவில்லை. அந்தச் சின்ன முதுகுக்குள், அவள் உள்ளங்கைக்கு நேராக, ஒரு இதயம் அடித்தது. அதை ஒட்டி இன்னொன்று. அதற்குப் பின்னால் இன்னொன்று. கதவின் கீழ்ப்பலகையில் பிள்ளை தட்டிக்கொண்டே இருந்தாள்.